கேரட் வரிசையில் செருப்புத் தடம்

பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் அத்தனை பேரும் ஒரு ஜோடிக் கைகளைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை நாங்கள் கேட்டக்கா என்று கூப்பிடுவோம். கேட்டில் நிற்பதால் வந்த பெயர். எதைப் பார்த்தாலும் "இது என்ன?" என்று கேட்டுவிடுவதால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் பொருந்தும்.

நான் பேக்கிங் பிரிவு. அந்த வரிசையில் எட்டு வருடம் நின்றவள். மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, கைப்பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பிடித்தபடி நிற்க வேண்டும். கேட்டக்கா பையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பாள். பிறகு தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு கைகளாலும் ஒரு தடவு, கொண்டையில் ஒரு அழுத்து, டப்பாவை எடுத்து ஒரு தூக்கு. ஆளுக்குப் பத்து வினாடி ஆகாது. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பழகிய பிறகு, அந்தத் தடவு இல்லாமல் வெளியே போனால்தான் எதையோ மறந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஒரு முறை ஒருத்தி ரொட்டியைக் குடைந்து, உள்ளே கிரீம் பிஸ்கட்டை அடுக்கி, வெட்டிய ரொட்டித் துண்டையே மூடியாக வைத்துக் கொண்டுவந்தாள். வெளியே இருந்து பார்த்தால் முழு ரொட்டி. டப்பாவைத் தூக்கிய மாத்திரத்தில் கேட்டக்கா, "மத்தியானம் சாப்பிடலையா? ரொட்டி இந்தக் கனம் கனக்குது?" என்றாள். அவ்வளவுதான், கொண்டுவந்தவளின் முகம் வெளுத்துப்போனது. முதல் தடவை பிடிபட்டவர்களைப் பற்றி கேட்டக்கா மேலிடத்தில் சொல்லமாட்டாள். எடுத்ததைக் கூடையில் போடச் சொல்லிவிட்டு "போ" என்பாள். ஆனால் மறக்கவும் மாட்டாள். ஐந்து வருடம் கழித்தும் அந்த ரொட்டிக்காரியின் டப்பாவை மட்டும் இரண்டு முறை தூக்கிப் பார்ப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பத்தொன்பது வருடம் நாளைக்கு முந்நூறு பேரைச் சந்தேகப்பட்ட மனுஷி, வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவைக்க முடியுமா? கணவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், கடைசி மீட்டர் எந்தத் தெருவில் என்று கேட்பாள். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். சாது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் காலைக் கழுவப் போய்விடுவார். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள்.

மாமனார் கட்டிய வீடு அது. இரண்டு பிள்ளைகளுக்காக நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். வலது பாதியில் கேட்டக்கா குடும்பம். இடது பாதியில் கணவரின் தம்பி. அவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். அவருடைய மனைவி, அதாவது கேட்டக்காவின் ஓரகத்தி, வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைப்பவள். வீட்டுக்கு நடுவில் சுவர் வந்ததே தவிர, பின்னால் இருந்த தோட்டத்துக்கு வரவில்லை. ஒரு வரிசை செங்கல்லைப் பதித்து, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று விட்டுவிட்டார்கள்.

கேட்டக்காவின் பக்கத்தில் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, வேலியோரம் பட்டாணிக் கொடி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் கிடப்பாள். மண்ணில் போட்டது போட்ட இடத்தில் இருக்கும், எங்கேயும் ஒளித்துவைக்காது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு இடத்தில்தான் அவள் யாரையும் முறைத்துப் பார்க்காமல் இருந்தாள்.

அந்த வருடம் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரம் இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். திரும்பி வந்த இரண்டாம் நாள் பட்டாணி விதைத்தாள். பதினைந்து நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள்.

"போன வருஷ விதையப் புது பாக்கெட்ல போட்டுக் குடுத்திருக்கீங்க."

விதைக்கடைக்காரர் பொறுமைசாலி. "முளைக்காத விதை மண்ணுக்குள்ளதான இருக்கணும்? தோண்டிப் பாருங்க அக்கா. இருந்தா எடுத்துட்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.

வந்து தோண்டினாள். அரை மணி நேரம் விரலால் கிளறியும் ஒரு விதை அகப்படவில்லை. விதை கெட்டுப்போகவில்லை, காணாமல் போயிருந்தது. வேலியோரம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு நாலைந்து வளைகள் தெரிந்தன.

"எலிதான்" என்றார் கணவர், கட்டிலில் படுத்தபடியே. "பின்னாடி காலி மனைல புல்லும் புதருமா இருந்துச்சுல்ல? கட்டடம் கட்டப்போறோம்னு புல்டோசர விட்டு மொத்தமாச் சமன் பண்ணிட்டாங்க. அங்க இருந்த வயலெலி எல்லாம் குடும்பம் குட்டியோட இந்தப் பக்கம் குடி வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம்கூட மீட்டர் பாக்கப் போன வீட்ல எல்லாம் இதே புலம்பல்தான்."

முதலில் அவள் அதை நம்பினாள். இரண்டு பொறி வாங்கி நிலக்கடலை வைத்தாள். மறுநாளே இரண்டு விழுந்தன. வீட்டு எலி இல்லை. கைக்குள் அடங்கும் அளவு, மண் நிறம், குட்டை வால், மயிருக்குள் புதைந்த காது. சனியனாக இருந்தாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று அவளே சொன்னாள். அதன் பிறகு பொறியில் ஒன்றும் விழவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பூண்டை நசுக்கி வளைக்குள் போட்டாள். அந்துருண்டை போட்டாள். விளக்கெண்ணெய் ஊற்றினாள். காலி பாட்டில்களைக் கழுத்து வரை மண்ணில் புதைத்தால், காற்றில் அது ஊதும் சத்தத்துக்கு எலி ஓடிவிடும் என்று இன்னொருத்தி சொன்னாள். புதைத்தாள். பாட்டில் நன்றாகவே ஊதியது. எலி அதைக் கேட்டுக்கொண்டே பீட்ரூட்டைத் தின்றது.

சந்தேகம் எலியை விட்டு மனுஷர் மேல் தாவியது கேரட் பிடுங்கிய அன்றுதான்.

தழை பச்சைப் பசேலென்று நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் கால் அங்குலத் தலை மட்டும் இருந்தது. உடம்பைக் காணோம். அடுத்ததை இழுத்தாள், அதுவும் அப்படித்தான். அந்த வரிசையில் மட்டும் ஒன்பது கேரட் அப்படி, மேலே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அவளுக்கு உடனே அந்தக் குடைந்த ரொட்டி ஞாபகம் வந்தது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மேலே மூடி வைக்கிற புத்தி எலிக்கு எப்படி வரும்?

தலையைத் தூக்கிச் செங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஓரகத்தியின் கேரட் வரிசை சும்மா கும்மென்று நின்றது. மண்ணுக்கு மேல் ஆரஞ்சுத் தோள் தெரிய, ஒவ்வொன்றும் திமிராக.

அன்று சாயங்காலம் தைக்கத் துணி கொடுக்கிற சாக்கில் ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். "உன் பக்கம் கேரட் எப்படி இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்ததுபோல் பட்டது கேட்டக்காவுக்கு. கண்ணும் மேலே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். "எலிக்கென்ன பாகப்பிரிவினை தெரியுமா? இது அண்ணன் பங்கு, இது தம்பி பங்குன்னு செங்கல்லப் பாத்துத் திரும்பிப் போகுமா?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். "எலி மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"எலி மனசு வேண்டாம். உங்க மனசுல என்ன இருக்கு?"

"எனக்குத் தையல் போட்ட இடம் வலிக்குது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஓரகத்தி ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தாள். "மாமாவுக்கு உடம்புக்கு நல்லது" என்று வைத்துவிட்டுப் போனாள். மேலே ஆவி பறந்தது. உள்ளே கேரட் துண்டுகள் மிதந்தன. கேட்டக்கா கரண்டியால் ஒதுக்கி எண்ணினாள். பதினான்கு. நம் கேரட்டைப் பிடுங்கி நமக்கே சூப் வைத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்குகிறாள் என்று வயிறு எரிந்தது. கணவர் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். அதற்கும் அவருக்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டிலேயே ஒரு கேட் போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓரகத்தியின் பின்கதவு எத்தனை முறை திறக்கிறது, குப்பையில் கேரட் தழை கிடக்கிறதா, கை நகத்தில் மண் இருக்கிறதா என்று கவனித்தாள். நகத்தில் மண் இருந்தது. தோட்டம் வைத்திருப்பவள் நகத்தில் மண் இல்லாமல் தங்கமா இருக்கும்? ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் இருப்பதும் சாட்சி, இல்லாததும் சாட்சி.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அரை கிண்ணம் மாவை எடுத்துப் போய், கேரட் வரிசைக்கு இரண்டு பக்கமும் சல்லடையால் மெல்லத் தூவினாள். கணவர் அதற்குள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் தோட்டத்துக்குப் போனாள். மாவில் பொடிப்பொடியாகக் கால் தடங்கள், கோலமாவு கொட்டியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக. எலி வந்திருக்கிறது. அதற்கு நடுவில், தெளிவாக, ஒரு செருப்புத் தடம். குதிகாலில் ஒரு மூலை உடைந்திருந்தது.

ஊசி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஓரகத்தியின் பின்வாசலுக்குப் போனாள். படியில் ரப்பர் செருப்பு கிடந்தது. ஓரகத்தி உள்ளே ஊசி தேடுகிற நேரத்தில் கால் கட்டைவிரலால் அதைப் புரட்டினாள். குதிகாலில் மூலை இல்லை. அடிப்பள்ளங்களில் வெள்ளையாக மாவு.

"இந்தாங்கக்கா, இது போதுமா?"

"போதும்" என்றாள் கேட்டக்கா. ஊசியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். செருப்பில் மாவு இருக்கிறது என்று சொன்னால், மாவு எப்படி வந்தது என்று அவள் திருப்பிக் கேட்பாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கம் அது. கூடை பக்கத்தில் இல்லாமல் யார் பையையும் அவள் திறந்ததில்லை.

நாலாம் நாள் அதற்கு வழி வந்தது. அடுப்புப் பிரிவில் கேஸ் குழாயில் ஏதோ கோளாறு என்று காலை பதினொரு மணிக்கே எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டக்கா கடைசி ஆள் வரைக்கும் சோதனை செய்துவிட்டுக் கிளம்பினாள். முன்கதவைத் திறந்தால் சத்தம் கேட்கும் என்று, பக்கவாட்டுச் சந்து வழியாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். தன் வீட்டுக்கே அப்படிப் போனாள்.

கேரட் வரிசைக்கு நடுவில் ஓரகத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரை மண்ணுக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை.

"எழுந்திரு."

ஓரகத்தி திடுக்கிட்டு எழுந்தாள். கை தன்னால் பைக்குப் போனது, மறைக்கப் போனதுபோல்.

அடுத்து நடந்ததைச் சொல்லும்போது கேட்டக்கா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் நினைச்சுப் பண்ணல. கை போயிருச்சு." தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தடவு. கொண்டையில் ஒரு அழுத்து. தன் கணவரின் தம்பி மனைவியை, பட்டப்பகலில், தோட்டத்தில் வைத்து. ஓரகத்தியும் ஏன் என்று தெரியாமலே இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கியபடி நின்றிருக்கிறாள்.

"பையைத் திற."

அவள் திறக்கவில்லை. கேட்டக்காவே கையை உள்ளே விட்டாள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று தட்டுப்பட்டது. எடுத்து அழுத்தினாள். மெத்தென்று இருந்தது. கேரட் இப்படி இருக்காதே என்று பிரித்தாள். உள்ளே இரண்டு வயலெலிகள், செத்து இன்னும் விறைக்காமல், ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

கேட்டில் எதை எதையோ தொட்ட கை அது. அன்று பொட்டலத்தை வீசிவிட்டு அலறினாள். சத்தம் கேட்டு மூன்றாம் வீட்டு நாய் குரைத்ததாம். பைக்குள் மிச்சம் இருந்தவை: ஒரு பொறி, ஒரு பிடி நிலக்கடலை, பட்டாணி விதை ஒரு பாக்கெட்.

"இது என்ன?" என்றாள், மூச்சு வாங்க.

"பாத்தா தெரியலையா? எலி."

"என் தோட்டத்து எலிய நீ எதுக்குப் பிடிக்கிற?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் கேட்டது கேட்டதுதான்.

ஓரகத்தி அழவில்லை. முகம்தான் சிவந்து போயிருந்தது. கொண்டையைச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்த வாரம் என் பட்டாணி முழுக்கப் போச்சு. கடையில கேட்டேன், கம்பி வலை போடச் சொன்னாங்க. என் பக்கம் சுத்திப் பள்ளம் தோண்டி ஒரு முழம் ஆழத்துக்கு வலையப் பதிச்சேன். இந்தச் செங்கல்லுக்கு அடியிலயும்தான். அதுக்கப்புறம் என் பக்கம் ஒண்ணு வரல. எல்லாம் மொத்தமா உங்க பக்கம் திரும்பிருச்சு."

"திரும்பும்னு தெரிஞ்சேதான் போட்டியா?"

ஓரகத்தி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "தெரியும்னும் சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது. போடும்போது என் கேரட்தான் கண்ணுல இருந்துச்சு. அப்புறம் உங்க பட்டாணி முளைக்கலைன்னதும் மனசு கேக்கல. நீங்க வேலைக்குப் போனப்புறம் வந்து பொறி வைப்பேன். நீங்க வர்றதுக்குள்ள எடுத்துருவேன். இன்னிக்கு விதையும் போட்டு மூடிரலாம்னு வந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா?" என்றாள் ஓரகத்தி. "கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் கொடியில காஞ்ச உங்க துண்டு ஒண்ணு தவறி என் துணியோட வந்திருச்சு. 'இது உன் அலமாரியில எப்படி வந்துச்சு?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. பதினாலு வருஷம் ஆச்சுக்கா. அதுக்கப்புறம் உங்க துணி காயுற கொடியில நான் ஒரு துணி போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

கேட்டக்கா கொடியைப் பார்த்தாள். இரண்டு கொடிகள் இருந்தன. ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில். தினமும் பார்ப்பவைதான். ஏன் இரண்டு என்று ஒரு நாளும் அவளுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அந்தத் துண்டு என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மாமாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"மிச்ச வலை எங்க பக்கம் சுருட்டி வச்சிருந்தத அவர் பாத்துட்டாரு. 'நீ சொல்லாத, நான் சமயம் பாத்துச் சொல்றேன்'னாரு."

அன்று சாயங்காலம் அவர் வந்து காலைக் கழுவுவதற்கு முன்பே விசாரணை ஆரம்பமானது.

"சமயம் பாத்தீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அமையல" என்றார்.

"ஒரு மாசமா அமையலையா?"

"நீ கோபமா இருந்தா சொல்ல முடியாது. கோபமா இல்லாதப்ப, அதக் கெடுப்பானேன்னு இருந்துச்சு."

அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருக்குப் பயமாக இருந்ததாம்.

மறுநாள் தொழிற்சாலை ஓடியது. சாயங்காலம் வரிசையில் என் முறை வந்தது. என் தோளில் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கை நகரவில்லை. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல, போ" என்றாள். என்னைத் தடவாமல் விட்டது அந்த ஒரு நாள்தான். எனக்குப் பின்னால் வந்தவளை வழக்கம்போல் முழுதாகத் தடவினாள். வேலை வேலைதானே.

அவள் ஓரகத்தி சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, செங்கல் வரிசையை ஒட்டி அடிக்கு ஒரு குத்தாகக் குத்திக்கொண்டே போனாள். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே வலை கிரிச்சென்றது. ஒரு இடத்தில் தோண்டியும் பார்த்தாள். எலி தோண்டிக்கொண்டு வந்து வலையில் முட்டி, அதை ஒட்டியே கொஞ்ச தூரம் போய், அவள் பக்கமே திரும்பியிருந்த சுரங்கம் தெரிந்தது. அதன் கோடியில் அவளுடைய ஒரு கேரட்டின் மிச்சம், பென்சிலைச் சீவியதுபோல் பல் தடத்தோடு கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கம்பியைக் கீழே போட்டாள்.

அடுத்து என்ன நடந்தது என்பதில் இரண்டு கதை இருக்கிறது. தான் ஓரகத்தியின் வீட்டு வாசலில் போய் நின்று "தப்புதான், மனசுல வச்சுக்காத" என்று சொன்னதாகக் கேட்டக்கா சொல்கிறாள். அப்படி எதுவும் தன் காதில் விழவில்லை, மண்வெட்டியோடு வந்து நின்று "கிளம்பு, கடைக்குப் போவோம்" என்றுதான் சொன்னாள் என்கிறாள் ஓரகத்தி. எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போனது நிஜம்.

கம்பி வலைக் கடைக்காரர் விவரமானவர். கேட்டக்கா எடுத்த கோழி வலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இந்த ஓட்டைல குட்டி எலி நடந்தே வரும். சுண்டுவிரல் நுழையாத வலையா எடுங்க. மண்ணுக்குக் கீழ ஒரு முழம், மேல ஒரு முழம். அடி ஓரத்த வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க. தோண்டிட்டு வர்றது அந்த மடிப்புல தட்டித் திரும்பிரும்."

"இவ்வளவு நீளம் எதுக்கு? எங்க தோட்டம் அவ்வளவு இல்லையே" என்றாள் கேட்டக்கா, அவரை மேலும் கீழும் பார்த்து.

"மூலை மடிப்பு இருக்குல்ல? அளந்து பாத்துட்டே வாங்கக்கா, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்." பிறகு அவர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். "சுத்தி ஒரேயடியா அடைச்சிராதீங்க. உள்ள இருக்கிற எலியையும் சேத்து உள்ள வச்சுப் பூட்டின மாதிரி ஆயிரும். ஒரு மூலைய விட்டு வைங்க. அங்க பொறி வைங்க. ரெண்டு வாரம் ஒண்ணும் விழலைன்னா அப்புறம் அடைங்க."

கேட்டக்கா திரும்பி வந்து கயிற்றால் அளந்தாள். அவர் சொன்ன நீளம்தான் வந்தது.

மூன்று ஞாயிறு தோண்டினார்கள். வேலியோரம் அடுக்கியிருந்த பழைய பலகைகளை எடுத்தபோது அடியில் புல்லும் கிழிந்த துணியுமாகக் கூடு இருந்தது. துணியில் நீலக் கோடு இருந்தது. ஓரகத்தியின் சீருடைத் துணி வெட்டுத் துண்டுகள். அவற்றையும் எலி திருடிப் போயிருக்கிறது. பயிருக்கு அடியில் ஈரம் காக்கப் போட்டிருந்த வைக்கோலையும் அள்ளி எறிந்தார்கள், எலிக்கு அது மெத்தையாக இருந்தது. கேட்டக்கா தன் பக்கத்து மண்ணை வெட்டினாள் என்றால், ஓரகத்தி பள்ளத்தில் இறங்கி வலையை நிறுத்தினாள். பேச்சு அதிகம் இல்லை. "பிடி", "விடு", "இன்னும் கொஞ்சம்", அவ்வளவுதான். ஓரகத்தி பள்ளத்தை மூடிவிட்டு அந்தப் பக்கம் போனதும், கேட்டக்கா கம்பியை விட்டு ஆழம் சரியா என்று ஒரு குத்துக் குத்திப் பார்ப்பாள். ஓரகத்தி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள்.

மூன்றாம் ஞாயிறு லாரிக்காரர் வீட்டில் இருந்தார். வெளிவட்டம் முழுக்க வலை வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, "அப்ப நடுவுல இருக்கிற வலைய எடுத்துரலாமே அண்ணி? ரெண்டு தோட்டமும் ஒண்ணாயிரும்" என்றார் நல்ல எண்ணத்தோடு.

"இருக்கட்டும்" என்றாள் ஓரகத்தி.

"இருக்கட்டும்" என்றாள் கேட்டக்காவும், அதே மூச்சில்.

அந்த மூன்று வாரத்தில் இருவரும் யோசிக்காமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நடு வலை இன்னும் அங்கேயே இருக்கிறது.

விட்டுவைத்த மூலையில் பொறிகளை வைத்தார்கள். பகலில் அவற்றைப் பார்க்க வீட்டில் இருப்பவள் ஓரகத்தி மட்டும்தான். பொறி, கடலை, மண்வெட்டி எல்லாம் கேட்டக்காவின் சமையலறையை ஒட்டிய பின் அறையில் இருந்தன. அந்த அறைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். கேட்டக்கா ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். பொறிகளை வெளியே வைக்கலாம், மழையில் துருப்பிடிக்கும். கடலையை வெளியே வைக்கலாம், எலியே எடுத்துக்கொள்ளும். காலையில் போய் ஓரகத்தியின் கையில் பின்கதவுச் சாவியைக் கொடுத்தாள்.

"வேலை முடிஞ்சதும் திரும்பப் பூட்டு" என்றாள்.

ஓரகத்தி சாவியை உடனே வாங்கவில்லை. "நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா? அப்புறம் ஏதாவது காணோம்னா?"

"காணோம்னா கேப்பேன்" என்றாள் கேட்டக்கா. "நீயும் பதிலுக்குக் கேளு. தலை குனிஞ்சுக்கிட்டு மெஷின மிதிக்காத."

ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் பதினொரு எலி விழுந்தன. அதன் பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூலையை அடைத்தார்கள். அந்த வருட உருளைக்கிழங்கு பாதிக்கு மேல் போய்விட்டது, பீட்ரூட்டில் தேறியது சொற்பம். பிந்திப் போட்ட பட்டாணி மட்டும் வேலியை மறைக்கிற அளவுக்கு ஏறியது. கேரட்டை மறுபடி விதைத்தார்கள். சாவியைக் கேட்டக்கா திருப்பிக் கேட்கவில்லை, ஓரகத்தியும் கொடுக்கவில்லை.

அதற்காக அவள் மாறிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். சாவி கொடுத்த முதல் வாரம், தினமும் கிளம்புமுன் சமையலறையில் ஒரு சுற்று நின்று எது எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் வாங்கிக்கொண்டுதான் போவாளாம். இரண்டாம் வாரம் அவசரத்தில் மறந்துவிட்டாள். மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, வேலையிலிருந்து வந்து பார்த்தால் டீத்தூள் டப்பா மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கணவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டீத்தூள் டப்பாவ யார் எடுத்தது?"

"நான்தான். சீக்கிரம் வந்துட்டேன், ஒரு டீ போட்டுக் குடிச்சேன்."

அவள் நம்பினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எட்டி, கழுவாமல் கிடந்த டம்ளரைப் பார்த்துவிட்டு நம்பினாள்.